இன்னும் ஒரு வாஷர்

எது கைதவறிப் போனாலும் அவள் தன் குழாயில் ஒரு வாஷர் கூட்டுவாள்.

குழாய் என்றால் தண்ணீர்க் குழாய்தான். இரண்டரை அடி நீளத்துக்கு அறுத்த இரும்புக் குழாய். ஒரு முனையில் கைப்பிடிக்காகத் தோல்வாரை இறுக்கிச் சுற்றியிருந்தாள். மறுமுனையில் கனத்த இரும்பு வளையங்களைக் கோத்து, கழன்று விழாதபடி நட்டு போட்டு முறுக்கியிருந்தாள். தாராவியில் பழைய இரும்புக் கடையில் பொறுக்கிய வாஷர்கள். ஒவ்வொன்றும் நூறு கிராம் இருக்கும். வாள் பிடிக்கிற கைக்கு பலம் ஏற்ற அவளே செய்துகொண்ட சாமான் அது. ஜிம்மில் இருக்கிற டம்பெல் உதவாது என்பாள். டம்பெல்லில் கனம் கைக்குள்ளேயே இருக்கிறது. வாளில் கனம் கையை விட்டு எட்டி நிற்கிறது. எட்டி நிற்கிற கனத்தைப் பிடித்துப் பழகினால்தான் மணிக்கட்டு கேட்கும் என்பாள்.

நான் அவளை முதலில் பார்த்தபோது குழாயில் எட்டு வாஷர் இருந்தது. கடைசியில் இருபத்தாறு. இடையில் ஒன்றைக்கூட அவள் கழற்றியதில்லை.

இன்றைக்கும் அவளை நினைத்தால் எனக்கு முதலில் வருவது எரிச்சல்தான். அவள் மேலா, என் மேலா என்று பிரிக்க முடியாத எரிச்சல்.

நான் செம்பூரில் இருக்கிறேன். இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒன்றில் கிளெய்ம் பிரிவில் வேலை. லாக்டவுன் முடிந்த அடுத்த வருஷம், முப்பத்தேழு வயதில், எனக்கு வலது தோள் இறுகிப்போய்த் தலை வாரக்கூடக் கை எழும்பவில்லை. பிசியோதெரபி முடித்ததும், கையைச் சும்மா விடாதீர்கள், ஏதாவது பழகுங்கள் என்றார்கள். மாட்டுங்காவில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் சனி, ஞாயிறு காலையில் பெண்களுக்குச் சிலம்பமும் வாள்வீச்சும் சொல்லித் தருகிறார்கள் என்று அம்மாவின் வாட்ஸ்அப்பில் வந்திருந்தது. போய்ச் சேர்ந்தேன்.

முதல் நாள் மாஸ்டர் என் கையில் ஒரு வாளைக் கொடுத்துத் தோள் உயரத்துக்கு நீட்டிப் பிடிக்கச் சொன்னார். ஒரு கிலோகூட இராது. பத்து எண்ணுவதற்குள் முனை தரையைப் பார்த்துத் தொங்கியது. மாஸ்டர் அடுத்தவரிடம் போய்விட்டார். பக்கத்தில் நின்ற பெண் ஒருத்தி என் முழங்கைக்கு அடியில் இரண்டு விரலை வைத்துத் தாங்கினாள்.

"தோள்ல தூக்காதீங்கக்கா. கடைசி ரெண்டு விரல்ல பிடிங்க. சுண்டு விரலும் அதுக்குப் பக்கத்து விரலும். மத்த மூணும் சும்மா கூட வந்தாப் போதும்."

பிடித்துப் பார்த்தேன். முனை மெல்ல எழும்பியது.

"இப்ப ஏக்தம் பராபர், ரொம்பச் சரி," என்றாள்.

அப்போது அவளுக்கு இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம், பிறந்து வளர்ந்ததெல்லாம் தாராவி. அவளுடைய வாப்பா நாலு மெஷின் போட்டு பெல்ட்டும் பர்ஸும் தைக்கிற பட்டறை வைத்திருந்தார். தோல் வெட்டுவது அவள் வேலை. வகுப்புக்கு எல்லோரையும் போல டீ-ஷர்ட் போட்டுக்கொண்டு வருவாள். உள்ளே முழுக்கை, தலையில் பின் குத்தி இறுக்கிக் கட்டிய கறுப்பு முக்காடு. பயிற்சி முடியும்போது அது நனைந்து கழுத்தோடு ஒட்டியிருக்கும். அதை யாரும் ஒரு விஷயமாகப் பேசிக் கேட்டதில்லை. யாருக்கும் அது ஒரு பொருட்டில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

வாளைவிட அவள் பேச்சில் அதிகம் வந்தது பலம்தான். வீசுறதுக்கு பலம் வேண்டாம்க்கா, கை போற போக்குல வாள் போயிரும். நிறுத்துறதுக்குத்தான் வேணும் என்பாள். ஒரு பெயிண்ட் வாளி நிறைய மணலை வைத்துக்கொண்டு, விரல்களைக் குவித்து உள்ளே குத்தி, மணலுக்குள்ளேயே விரித்து விரித்து மூடுவாள். வீட்டில் துவைத்த ஜீன்ஸ் எல்லாவற்றையும் அவள்தான் பிழிவாளாம். ஒரு கம்பில் கயிறு கட்டி, கயிற்று நுனியில் செங்கல்லைத் தொங்கவிட்டு, கை நீட்டியபடி கம்பை உருட்டி உருட்டிச் செங்கல்லை மேலே கொண்டுவருவாள். பிறகு அதே போல் இறக்குவாள். இறக்கும்போதுதான் பலம் ஏறுகிறது, ஆனால் எல்லோரும் அதைத்தான் சட்டென்று விட்டுவிடுகிறார்கள் என்று குறைப்படுவாள். குதிரை நிலையில் தொடை தரைக்குச் சமமாக அமர்ந்து அவள் நிற்கிற நேரத்தில் நான் என் மெயிலெல்லாம் பார்த்து முடித்துவிடுவேன்.

ஒரு நாள் சயான் ஸ்டேஷனில் அவள் பையைப் பார்த்துப் போலீஸ்காரர் ஒருவர் நிறுத்திவிட்டார். நானும் கூட இருந்தேன். பைக்குள் குழாய். "யே க்யா ஹை?" இது என்ன என்று கேட்டார். கசரத், உடற்பயிற்சி பண்ணுகிற சாமான் என்றாள். அவர் நம்பவில்லை. அவள் குழாயைக் கைப்பிடியில் பிடித்து நீட்டி, மணிக்கட்டை மட்டும் திருப்பி இடமும் வலமும் பத்துத் தடவை சாய்த்துக் காட்டிவிட்டு, அவரிடமே கொடுத்தாள். அவர் ஒரு தடவை சாய்த்தார். குழாய் சாய்ந்த பக்கமே அவரும் போனார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. "பைய பைய வரும் சாப், தினமும் பண்ணணும்," என்று அவருக்குத் தமிழும் இந்தியும் கலந்து வழி சொல்லிவிட்டு வந்தாள். ட்ரெயினில் ஏறிய பிறகு, "பாவம், அவுகளுக்கு முன்கை ரொம்ப வீக்," என்றாள்.

அப்படித்தான் அவள் உலகம். எதற்கும் காரணம் பலக்குறைவு. எதற்கும் மருந்து பலம்.

ஒரு தடவை அவளைப் பெண் பார்க்க பீவண்டியிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளையின் தாயார் அவள் கையைப் பிடித்துப் பார்த்தார். உள்ளங்கை முழுக்கக் காய்ப்பு. மறுநாள் போனில் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் இதை அவளே சொன்னாள்.

"வருத்தமா இருக்கா?" என்று கேட்டேன்.

"கொஞ்சம். அதான் ஒரு வாஷர் போட்டேன்."

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"இருக்குல்லா. மனசு தொங்குச்சு. கையும் தொங்கிரக் கூடாதுல்லா."

நான் சிரித்தேன். அன்றைக்கு அது எனக்குப் பிடித்திருந்தது. இப்போது யோசித்தால், அவளுக்கு வெளியே நடக்கிற எல்லாவற்றையும் அவள் தன் மணிக்கட்டுக்குள் கொண்டுவந்து வைத்துக்கொண்டாள் என்று தோன்றுகிறது. அந்த மாப்பிள்ளை வீட்டாரைப் பற்றி ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வருஷத்துக்கு ஒரு தடவை புனேயில் மாநிலப் போட்டி நடக்கும். ஒவ்வொரு வகுப்பிலிருந்தும் ஐந்து பெண்கள் கொண்ட வாள் குழு போகலாம். யார் போவது என்பது மாஸ்டர் கையில். மாஸ்டருக்கு ஐம்பது வயதிருக்கும். ரிட்டையர் ஆக இன்னும் வருஷங்கள் இருக்கிற ஒரு அரசாங்க வேலையிலிருந்துகொண்டு, சனி ஞாயிறைக் கொடுத்து எங்களுக்குச் சொல்லித் தந்தவர். கெட்டவர் என்று அவரைச் சொல்ல எனக்கு வரவில்லை. சொல்ல வந்தால் எல்லாம் சுலபமாக இருந்திருக்கும்.

நான் சேர்ந்த வருஷம் அவர் வாசித்த ஐந்து பெயர்களில் அவள் பெயர் இல்லை. வகுப்பே திரும்பிப் பார்த்தது. அவள் அளவுக்கு யாரும் இல்லை என்பது புதிதாக வந்த எனக்கே தெரியும்.

"கை இன்னும் நிக்கலைம்மா," என்றார் மாஸ்டர். "பலம் பத்தாது. அடுத்த வருஷம் பார்ப்போம்."

டாக்டர் மருந்து எழுதிக் கொடுத்ததுபோல் அவள் தலையை ஆட்டினாள். அடுத்த வாரம் குழாயில் இரண்டு வாஷர் கூடியிருந்தது.

இரண்டாவது வருஷம் பழைய ஐவரில் இரண்டு பேர் விலகினார்கள். இரண்டு இடம் காலி. மாஸ்டர் முதலில் மூன்று பழைய பெயர்களைப் படித்தார். நாலாவதாக ஒரு காலேஜ் மாணவி. ஐந்தாவதாக என் பெயர்.

என் காதையே நான் நம்பவில்லை. அப்போதும் என் வாள் முப்பது எண்ணுவதற்குள் ஆடத் தொடங்கிவிடும். முதலில் கைதட்டியது அவள்தான். "நீங்க நல்லா வந்துட்டீங்கக்கா," என்றாள். மாஸ்டரிடம் போய், "எனக்கு எது பத்தலன்னு சொல்லுங்க மாஸ்டர், அதப் பழகுதேன்," என்றாள். அவர் அவள் முகத்தைப் பார்க்காமல், "பலம்தான். மணிக்கட்டுல இன்னும் வரணும்," என்றார்.

அடுத்த வாரம் போட்டிக்கான ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க ஹாலை ஒட்டிய சின்ன அறைக்குப் போனேன். மாஸ்டர் மட்டும் இருந்தார். என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

"அவளை விட்டுட்டு என்னை எடுத்திருக்கீங்களே மாஸ்டர். எனக்குச் சரியாப் படலை."

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"நான் சொல்றதை வெளியில சொல்லக் கூடாது மேடம். நம்ம பஸ், டிரஸ், சாப்பாடு எல்லாத்தையும் ஒருத்தர் ஏத்துக்கிறார். அவர்தான் சொன்னார். முக்காடோட ஒரு பொண்ணு மேடையில வாளோட நின்னா நாளைக்கு யாராவது போட்டோ எடுத்துப் போட்டு ஏதாவது எழுதுவாங்க, எனக்கு வம்பு வேண்டாம்னுட்டார். நான் என்ன செய்ய? ஒருத்திக்காக இருபது பேர் வகுப்பை மூட முடியுமா?"

"அப்ப பலம் பத்தாதுன்னு சொன்னது?"

"வேற என்ன சொல்றது? அப்படிச் சொன்னா மனசு நோகாது. இன்னும் நல்லாப் பழகும். அதுக்கு நல்லதுதானே."

"இது சரியில்லை மாஸ்டர்," என்றேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. அவர் மேஜை மேல் இருந்த பொட்டலத்தை என் பக்கம் தள்ளினார். போட்டிக்கான உடை. பச்சைச் சட்டை, சிவப்பு இடுப்புக் கச்சை. நான் வாங்கிக்கொண்டேன்.

அதை இப்போது எழுதும்போதும் கை தயங்குகிறது. வாங்கிக்கொண்டேன். அந்த வயதில் எனக்கு முதல்முறையாக உடம்பினால் ஒன்று கிடைத்திருந்தது. அதை விடுவதற்கு மனசு வரவில்லை. அதோடு, அவளிடம் சொன்னால் உடைந்து போவாள், அவளாகத் தெரிந்துகொள்ளட்டும், நல்ல சமயம் பார்த்துச் சொல்லலாம் என்று எத்தனையோ காரணம் என்னிடம் இருந்தது.

போட்டிக்கு ஆறு வாரம் இருந்தது. "உங்களுக்கு நிறுத்தம் பத்தாதுக்கா, நான் வந்து பழக்கிவிடுதேன்," என்று அவள் வாரநாட்களிலும் காலை ஆறு மணிக்குச் செம்பூர் வரத் தொடங்கினாள். எங்கள் கட்டிட மொட்டை மாடி. தூரத்தில் மாகுல் பக்கத்துப் புகைக்குழாய்கள். தண்ணீர்த் தொட்டிக் குழாயில் நூல் கட்டி, அதில் ஒரு துண்டு நியூஸ்பேப்பரைத் தொங்கவிடுவாள். வாளை முழு வேகத்தில் வீசிக் காகிதத்துக்கு ஒரு விரல்கடை முன்னால் நிறுத்த வேண்டும். நான் வீசும்போதெல்லாம் காகிதம் கிழிந்தது. அவள் வேறு துண்டு கட்டுவாள். சலிக்கவே மாட்டாள்.

"வயித்துல இருந்து நிறுத்துங்க. மூச்ச அங்கன பிடிங்க. மணிக்கட்டு கடைசி."

ஒரு நாள் காகிதம் கிழியாமல் ஆடியது. அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். உட்கார்ந்து என் அம்மா கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டே, "அடுத்த வருஷம் நாம ரெண்டு பேரும் போவம்க்கா," என்றாள். "மாஸ்டரு மணிக்கட்டுதான்னு சொல்லிட்டாருல்லா. அது தெரிஞ்சிட்டுன்னா பாதி வேலை முடிஞ்சிரும்."

அந்த நிமிஷம் சொல்லியிருக்கலாம். அம்மா பக்கத்தில் நின்றார், அதனால் சொல்லவில்லை என்று பிறகு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அம்மா கீழே போன பிறகும் அவள் அரைமணி நேரம் இருந்தாள்.

புனேயில் எங்கள் குழுவுக்கு மூன்றாம் இடம். திரும்பி வந்ததும் அவள் என் மெடலைக் கையில் வாங்கி எடை பார்த்தாள். "இது ஒரு வாஷர் கனம்கூட இல்லியேக்கா," என்று சொல்லிவிட்டு, நான் எப்படி நிறுத்தினேன் என்று ஒவ்வொரு வீச்சாகக் கேட்டாள்.

அதற்குப் பிறகு வந்த ஒரு வருஷத்தை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். பதினாறு வாஷர் பதினெட்டானது. பத்தொன்பது, இருபது. காலையில் பட்டறை திறப்பதற்கு முன்னால் இருநூறு சாய்ப்பு, மத்தியானம் இருநூறு, சாயங்காலம் இருநூறு. மழைக்காலத்தில் அவள் வலது மணிக்கட்டு வீங்கத் தொடங்கியது. தோலில் ஒரு பட்டை தைத்து இறுக்கிக் கட்டிக்கொண்டாள். டம்ளரைப் பிடிக்க இடது கையை நீட்டினாள்.

"டாக்டரைப் பாரு," என்றேன்.

"வலி வேற, பலம் வேறக்கா. வலி வந்துட்டுப் போயிரும்."

"போதும், விடு. இதுக்கு மேல உனக்குப் பலம் எதுக்கு?"

"மாஸ்டரு போதும்னு சொல்லணும்லா."

எனக்கு அவளைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. கண்ணுக்கு முன்னால் தெரிகிற விஷயம் இவளுக்கு எப்படித் தெரியவில்லை? பட்டறையில் மட்டமான தோலைத் தொட்ட உடனே தள்ளிவிடுகிறவள். ஒரு மனிதர் முகத்தைப் பார்க்காமல் பேசுவது மட்டும் எப்படிக் கண்ணில் படவில்லை? ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்த எரிச்சலில், "சில விஷயம் பலத்தால நடக்காது," என்று கத்திவிட்டேன்.  "அப்படின்னா பலம் இன்னும் கொஞ்சம் பத்தலன்னுதானக்கா அர்த்தம்," என்றாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

ஒரு தடவை அவள் பட்டறைக்குப் போயிருந்தேன். தொண்ணூறடி ரோட்டிலிருந்து உள்ளே திரும்பி, ஏணி மாதிரியான படியில் ஏறிப் போக வேண்டும். அவள் வாப்பா எனக்கு டீ வரவழைத்தார். "நீங்க படிச்சவுக, நீங்களாச்சும் சொல்லுங்கம்மா," என்றார். "கத்தி பிடிச்சுத் தோலு வெட்டுத கை. அது போச்சுன்னா இந்தப் புள்ள எப்படிம்மா சோறு உங்கும்? நான் சொன்னா, வாப்பா உங்களுக்கு விளங்காதுன்னுதா." உள்ளே அவள் இடது கையால் அளவுகோலை அழுத்திப் பிடித்து, வலது கையால் பெல்ட்டுக்கான பட்டைகளை இழுத்து வெட்டிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வெட்டுக்கும் அவள் தாடை இறுகியதைப் பார்த்தேன். சொல்கிறேன் என்று அவரிடம் வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மூன்றாவது வருஷத் தேர்வு ஒரு சனிக்கிழமை. ஹால் நடுவில் மின்விசிறிக் கொக்கியிலிருந்து நூல் கட்டிக் காகிதம் தொங்கியது. ஆளுக்கு ஐந்து வீச்சு. என் முறையில் இரண்டு காகிதம் கிழிந்தது. காலேஜ் மாணவிக்கு ஒன்று. அவள் முறை வந்தபோது தோல் பட்டையைக் கழற்றி வைத்துவிட்டு வந்தாள். ஐந்து வீச்சு. மேலிருந்து, இடமிருந்து, வலமிருந்து, கீழிருந்து, பிறகு சுழன்று வந்து ஒன்று. ஐந்து தடவையும் வாளின் காற்றுதான் காகிதத்தைத் தொட்டது. ஐந்தாவதில் வாள் அப்படியே அந்தரத்தில் நின்றது. பின்னால் யாரோ மூச்சுவிடுகிற சத்தம் கேட்டது.

மாஸ்டர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பெயர்களைப் படித்தார். போன வருஷத்து ஐந்து பெயர்கள்தான்.

"நல்லா இருந்துச்சும்மா," என்றார் அவளிடம். "இன்னும் கொஞ்சம்தான்."

அவள் தலையை ஆட்டிவிட்டுப் பையை எடுத்தாள்.

மாட்டுங்கா ஸ்டேஷனுக்கு நடந்துபோகிற வழியில் சொன்னேன். பூக்கடைகளைத் தாண்டியதும், வேறு எதுவும் பேசாமல், நேராகச் சொன்னேன். "உனக்குப் பலம் பத்தாதுங்கிறது பொய். உன் முக்காட்டுக்காகத்தான் எடுக்கலை. செலவு பண்றவர் வேண்டாம்னுட்டாராம். மாஸ்டரே என்கிட்ட சொன்னார்."

அவள் நாலைந்து அடி நடந்தாள். பிறகு நின்றாள்.

"எப்பச் சொன்னாரு?"

"போன வருஷம்."

"போன வருஷம்னா?"

"என் பேரைப் படிச்சதுக்கு அடுத்த வாரம்."

"நாம உங்க மாடியில பழகுததுக்கு முன்னாலயா?"

"ஆமா."

பையை நடைபாதையில் வைத்தாள். உள்ளே குழாய் தரையில் மோதிச் சத்தம் கேட்டது.

"அப்பம் பதினாறு இருந்துச்சு," என்றாள். "இப்பம் இருபத்தாறு."

"நீ மனசு கஷ்டப்படுவேன்னுதான்…"

"மனசு கஷ்டப்படும்னு சொல்லல. சரி. கை கஷ்டப்பட்டுச்சேக்கா. அதப் பக்கத்துல நின்னு பாத்துட்டுத்தான இருந்தீங்க."

 அவள் இடது கையால் பையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, ஸ்டேஷன் பக்கம் போகாமல், வந்த வழியே திரும்பி நடந்தாள். நான் பின்னால் போகவில்லை.

மறுநாள் ஞாயிறு. அவள் வரமாட்டாள் என்று நினைத்தேன். எல்லோரும் வரிசையில் நின்ற பிறகு வந்தாள். பை இல்லை. நேராக மாஸ்டரிடம் போனாள்.

"மாஸ்டர், தலையில இருக்க துணிய எடுத்துட்டு வந்தா பலம் பத்துமா?"

ஹாலில் இருபது பேர் இருந்தோம். மாஸ்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு, "நான் முடிவு பண்றது இல்லம்மா. உனக்கே தெரியும்," என்றார்.

"எனக்குத் தெரியாது மாஸ்டர். நேத்துத்தான் தெரியும். மொத வருஷமே சொல்லியிருந்தீங்கன்னா நான் அழுதுட்டு வீட்டுக்குப் போயிருப்பேன். கையாவது மிஞ்சியிருக்கும்."

குரலை உயர்த்தவில்லை. எல்லோருக்கும் சலாம் சொன்னாள். வெளியே போனாள். நான் வரிசையில் வாளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இருபது பேரில் ஒருத்தியாவது ஏதாவது சொல்வாள் என்று பார்த்தேன். அவர்களும் அப்படித்தான் பார்த்திருப்பார்கள்.

அந்த மாதமே நான் குழுவிலிருந்து விலகினேன். மாஸ்டர் ஏன் என்று கேட்கவில்லை. ஒரு வாரத்தில் வேறு ஒருத்திக்குப் பச்சைச் சட்டை போய்விட்டது. நான் விலகியதால் யாருக்கும் எதுவும் ஆகவில்லை. நான் அவளுக்கு அனுப்பிய செய்திகள் எல்லாம் படித்ததற்கான நீலக் குறி விழுந்து, பதில் இல்லாமல் அப்படியே கிடந்தன. பட்டறைக்கு ஒரு தடவை போனேன். வாப்பா படியிலேயே நின்று பேசினார். மணிக்கட்டில் நார் கிழிந்திருக்கிறது, ஆறு வாரம் கட்டுப் போட்டிருக்கிறது, கனம் தூக்கக் கூடாதாம், இனி வெட்டுக் கத்தியும் கஷ்டம்தான் என்றார். "நீங்க சொல்லுதேன்னுட்டுப் போனீங்களேம்மா," என்றார். உள்ளே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவள் இருந்தாளா என்று நான் கேட்கவில்லை.

பிறகு ஒன்றரை வருஷம் எந்தத் தகவலும் இல்லை. எங்கள் ஆபீசில் டீ கொண்டுவருகிற பெண்மணி தேவ்நாரில் இருப்பவர். முட்டி வலிக்கிறது என்று எப்போதும் சொல்லிக்கொண்டிருந்தவர், திடீரென்று படியேறி வரத் தொடங்கினார். கேட்டதற்கு, வீட்டுப் பக்கத்தில் ஒரு மெட்ராஸி தீதி, தமிழ் பேசுகிற அக்கா ஒருத்தி, பெண்களுக்குக் கசரத் சொல்லித் தருகிறாள், கையில் பட்டை கட்டியிருப்பாள் என்றார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை போனேன். ஒரு கட்டிடத்தின் முதல் மாடியில் நீளமான அறை. பத்துப் பன்னிரண்டு பெண்கள் இருந்தார்கள். வீட்டு வேலைக்குப் போகிறவர்கள், காய்கறி விற்கிறவர்கள், இரண்டு நர்ஸுகள். சுவரோரம் மணல் நிரப்பிய வாளிகள். அவள் இடது கையால் ஒரு கிழவியின் முதுகை நிமிர்த்திக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். முகத்தில் எதுவும் மாறவில்லை.

"வாங்க," என்றாள். அக்கா என்று சொல்லவில்லை.

"நானும் சேரலாமா?"

"வாளு இங்கன கிடையாது. பலம் மட்டும்தான்."

"பரவாயில்லை."

பக்கத்திலிருந்த நர்ஸ் யார் இது என்று இந்தியில் கேட்டாள். "பெஹ்சான் வாலி ஹை," என்றாள் அவள். தெரிந்தவர்.

என்னைக் கடைசி வரிசையில் நிறுத்தினாள். குதிரை நிலை. நாற்பது எண்ணுவதற்குள் தொடை எரிந்தது. அவள் ஒவ்வொருவராகத் திருத்திக்கொண்டே வந்தாள். என்னிடம் வந்து, "முட்டிய வெளிய தள்ளுங்க," என்றாள். மற்றவர்களிடம் சொன்ன அதே குரலில் சொன்னாள்.

அதற்குப் பிறகு வாரம் இரண்டு நாள் போகிறேன். ஏழு மாதம் ஆகிறது. குதிரை நிலையில் நின்று நின்று வலிக்கிற என் முட்டியைப் பற்றிக் கேட்கிறாள், என் அம்மாவின் சர்க்கரை எப்படி இருக்கிறது என்று கேட்கிறாள். அவளுடைய வலது கை இப்போது டம்ளரைப் பிடிக்கிறது, சீப்பைப் பிடிக்கிறது. வாள் பேச்சை அவள் எடுப்பதில்லை. நான் இரண்டு தடவை எடுக்கப் பார்த்தேன். முதல் தடவை, "பேசாதீங்க, எண்ணுங்க," என்றாள். அடுத்த தடவை வேறு ஒருத்தியைக் கவனிக்கப் போய்விட்டாள்.

போன செவ்வாய்க்கிழமை எல்லோரும் போகும்வரை காத்திருந்தேன். அவள் பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். நான் ஒரு வாரமாக மனதுக்குள் சொல்லிப் பார்த்ததில் பாதி மறந்துவிட்டது.

"நான் அன்னைக்கே உன்கிட்ட சொல்லியிருக்கணும்," என்றேன்.

அவள் சுருட்டுவதை நிறுத்தவில்லை.

"சொல்லியிருக்கணும்," என்றாள்.

அதற்கு மேல் ஏதாவது சொல்வாள் என்று நின்றேன். கடைசிப் பாயைச் சுவரில் சாய்த்தாள். ஜன்னலைச் சாத்தினாள். சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, "வியாழக்கிழம காலுக்குப் பயிற்சி. முட்டிக்குத் துணி கட்டிட்டு வாங்க," என்றாள்.

படி இறங்கி வந்தேன். பஸ்ஸுக்கு வெகுநேரம் நின்றேன். கோபப்பட்டிருந்தால் தேவலை, அழுதிருந்தால் தேவலை, போய்விடு என்றாவது சொல்லியிருக்கலாம் என்று ஒவ்வொன்றாக யோசித்துக்கொண்டே நின்றேன்.

வியாழக்கிழமை போனேன்.